ஊரார் தோளில் பீ ஜோகா

உம்மாவின் உடலைச் சுமந்த சந்தூக்கின் முன்கம்பு வலது தோளில் ஏறியதும் மகாமே மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டான்: கபர்ஸ்தான் வரை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பிறந்ததிலிருந்தே உம்மாவை ஊருக்கு விட்டுக்கொடுத்துப் பழகியவன் அவன். அவன் காய்ச்சலில் அனத்திக் கிடந்த ராத்திரிகூட உம்மா பீ ஜோகா மொம்பாசாவில் யார் வீட்டுக் கல்யாணத்திலோ பாடிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஒருநாளாவது அவள் தனக்கு மட்டும் உம்மாவாக இருக்கட்டுமே!

சந்து முனைகூடத் திரும்பவில்லை, ஒரு கை அவன் முதுகைத் தட்டியது. துறைமுகத்தில் கிராம்பு மூட்டை தூக்குகிற ஆள். மகாமே கவனிக்காததுபோல் நடந்தான்.

"விடுடா மருமவனே," என்றார் பக்கத்தில் வந்த வுவாய் மாமா. "தட்டினா தோள் மாத்தணும். புண்ணியம் பூராவையும் நீயே மூட்டை கட்டிக்கிட்டுப் போகப்போறியா?"

"என் உம்மா, மாமா."

"எனக்கும் அக்காதான். நான் விடலையா? விடு."

விட்டான். கண்ணிமைக்கிற நேரத்தில் சந்தூக் எங்கேயோ முன்னால் போய்விட்டது. அம்மாடி, எத்தனை கைகள்! செதில் ஒட்டிய மீன்காரக் கைகள், கோட்டுப் போட்ட கைகள். பாட்டுக்காரி நரகத்துக்குத்தான் போவாள் என்று வெள்ளிக்கிழமைதோறும் முழங்கிய பெரியவரின் கையும் அந்தக் கம்பில் இருந்தது. மாடி ஜன்னல்களில் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். எல்லா உதடுகளும் அவள் பாட்டுக்கு அசைந்தன, ஒருத்தியிடமிருந்தும் சத்தம் வரவில்லை. இத்தனை பேருக்கு இவள் என்னவாக இருந்தாள்?

"வழி விடுங்க, நான் அவங்க மகன்!"

"நாங்க மட்டும் யாராம்? போய்யா," என்றான் ஒருவன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

குறுக்குச் சந்தில் ஓடி, முந்திப்போய், வெட்டிவைத்திருந்த கபருக்குள் இறங்கி நின்றான் மகாமே. உம்மாவின் மய்யித்தை வாங்கி வைப்பது மகன் வேலை. அதை எவனும் தட்டி வாங்க முடியாது.

சந்தூக் வந்து சேரவே வெகுநேரம் ஆனது. கபர்ஸ்தான் வாசல்வரை வந்த பிறகும், "கொஞ்சம் பொறுங்கப்பா, எனக்கு இன்னும் கிடைக்கல" என்று யாரோ கெஞ்சுவது கேட்டது.

கடைசியில் வெள்ளைத் துணி சுற்றிய உடம்பு அவன் கைகளுக்குள் இறங்கியது. ஒன்றுமே கனக்கவில்லை. இந்தச் சின்ன உடம்பிலிருந்தா கடற்கரை முழுக்கக் கேட்ட அந்தக் குரல் வந்தது!

மேலே அத்தனை கூட்டமும் கபரைச் சுற்றி நெருக்கி நின்றது. விளிம்பில் குந்தியிருந்த ஒரு கிழவர் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

"அவசரமில்ல தம்பி. அறுபது வருசம் அவங்க எங்ககிட்டதானே இருந்தாங்க."

மகாமே அவளை உடனே கீழே வைக்கவில்லை.