ஏழாம் எண்ணில் தக்காளி இலை

ஏழாம் எண் கணினியில் மறுபடியும் தக்காளி இலை.

நூலகர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் மேசைத் திரையில் எட்டுக் கட்டங்கள். இளையோர் அறையிலுள்ள எட்டுக் கணினிகளிலும் என்ன ஓடுகிறது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். மூன்றாம் எண்ணில் ஒரு பையன் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். ஐந்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பாட்டை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழில் மட்டும் மஞ்சள் புள்ளி விழுந்த ஓர் இலை. கீழே, 'இலைப்புள்ளி நோயும் தீர்வும்'. நேற்றும் அதுதான். போன வாரமும் அதுதான்.

"அந்தப் பொண்ணு விவசாயம் பண்ணப் போகுதோ என்னவோ," என்றாள் பக்கத்தில் திரும்பி வரும் புத்தகங்களை வாங்கி வைக்கும் அக்கா.

"அம்புக்குறி அசையவே இல்லக்கா. அதே இலை நுனியில நிக்குது. உயிருள்ள மனுஷி கை மவுஸ் மேல இருந்தா அசையாதா?"

"நீங்க லைப்ரரியனா, சிஐடியா?"

அந்த அறையைத் திறந்த நாளிலிருந்தே நூலகர் அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தார். வருகிற பிள்ளைகளுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட அவருக்குத் தெரியாது. ஒருநாள் எட்டுத் திரைகளையும் தலைகீழாகத் திருப்பிவிட்டு, பால் குடிக்காத பூனைகளாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தப்பு நடந்தாலும் அறையைப் பூட்டிவிடுவோம் என்று நூலகக் குழு சொல்லியிருந்தது. அந்தத் தப்பு ஏழிலிருந்துதான் வரும் என்று அவருக்குப் பட்டது.

ஏழில் உட்காருகிறவளுக்குப் பதினாறு வயதிருக்கும். மற்ற பிள்ளைகள் அவளை 'ஏழு' என்றே கூப்பிட்டார்கள். நூலகத்துக் கணினிகளைப் பராமரிக்கும் சர்வீஸ்காரரின் ஒரே மகள். தாய் இல்லாத பெண். பெற்றவள் போய் இரண்டு வருடமாகிறது.

நூலகர் சத்தமில்லாமல் எழுந்து போனார். கதவைத் தாண்டுவதற்குள் அவள் விரல் எதையோ தட்டியது. அவர் பின்னால் போய் நின்றபோது நேரிலும் தக்காளி இலைதான்.

"செடி சௌக்கியமா?"

"புள்ளி விழுந்திருக்கு சார்." அவள் திரும்பவில்லை. பக்கத்திலிருந்த சுருட்டை முடிக்காரன் சிரிப்பை மறைக்க இருமினான்.

அந்த இலைக்குப் பின்னால் என்னவாக இருக்கும்? பரீட்சைத் தாளா? யாரோ முகம் தெரியாதவனுடன் பேச்சா? அன்று வீட்டுக்குப் போயும் அந்த இலை அவர் கண்ணிலேயே நின்றது.

மறுநாள் சர்வீஸ்காரர் வந்து மேசைக் கணினியைக் கழற்றித் தூசி ஊதினார்.

"என் பொண்ணால தொல்லை ஒண்ணும் இல்லையே சார்?"

"இருக்கற இடம் தெரியாது."

"தக்காளின்னா அவளுக்கு அப்படி ஒரு கிறுக்கு. மாடியில தொட்டி தொட்டியா வாங்கி வெச்சிருக்கேன். மகராணி திரும்பிக்கூடப் பாக்கல."

"தக்காளி பிடிக்கும்னு அவளே சொன்னாளா?"

"அவ எங்க சார் வாயத் திறக்குறா..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தூரிகையை எடுத்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

அவர் போன பிறகுதான் நூலகருக்குப் பொறி தட்டியது. மகள் சொல்லவில்லை. தானும் சொல்லவில்லை. அக்காவிடம் கேட்டார். "எனக்கு வேற வேலை இல்ல பாருங்க," என்றாள். அப்படியானால் அந்த மனிதர் இலையை எங்கே பார்த்தார்?

எட்டுக் கட்டங்களைப் போட்டுக் கொடுத்ததே அவர்தான்.

மாலையில் மற்ற பிள்ளைகள் கிளம்பியதும் நூலகர் ஏழின் பக்கத்தில் போய் நின்றார். "உங்கப்பா வெளியிலேருந்து இதப் பாக்குறாரா?"

"இப்பதான் தெரியுமா?" அவள் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என் போன், வீட்டு லேப்டாப், எல்லாத்துக்குள்ளயும் அப்பா இருக்காரு. இங்கயாவது இல்லன்னு நெனச்சேன். இங்கயும் இருக்காரு. உங்க மிஷின்லயும்தான். மத்தியானம் நீங்க சீட்டு விளையாடுறதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆயிற்று நூலகருக்கு. கத்தவும் முடியவில்லை.

"அந்த இலைக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"அப்பாகிட்ட சொல்லுவீங்களா?"

"என்னன்னு தெரியாம எப்படி வாக்குக் குடுக்கறது?"

"அப்ப தெரியவே வேணாம்."

அவர் நின்றார். அவள் தட்டச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சரி. சொல்ல மாட்டேன்."

அவள் பொத்தானைத் தட்டினாள். இலை போயிற்று. ஏதோ ஒரு மருத்துவமனையின் பக்கம். நூலகர் முதல் வரியை மட்டும் படித்தார். தாய்க்கு இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் மகளுக்கும் வருமா?

"வந்தே ஆகணும்னு இல்லியாம்," என்றாள் அவள், கணக்குப் பாடம் ஒப்பிப்பது போல. "வரலாம்னும் போட்டிருக்கு. டாக்டரப் பாத்துப் பேசணுமாம். என் வயசுக்கு வீட்டுப் பெரியவங்க கூட வரணுமாம். அப்பாவக் கூப்பிட்டா... அவர் இப்பவே ராத்திரில எழுந்து எழுந்து நான் மூச்சு விடுறேனான்னு பாக்குறாரு சார்."

நூலகர் அலமாரிக்குப் போய்த் தடிமனான மருத்துவப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். "இத யாரும் வெளியிலேருந்து பாக்க முடியாது."

அவள் முன்பக்கத்தைப் புரட்டினாள். "நான் பொறக்கறதுக்கு முன்னாடி போட்டது சார் இது."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மகளை அழைத்துப்போக சர்வீஸ்காரர் வந்துவிட்டார். இலை திரைக்குத் திரும்பியது. நூலகர் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு மேசைக்குப் போனார்.

"வெளியிலேருந்து பாக்குற இணைப்ப எடுத்துடுங்க," என்றார் எடுத்த எடுப்பில்.

சர்வீஸ்காரரின் பார்வை அவர் கையிலிருந்த புத்தகத்தின் மேல் விழுந்தது, அங்கேயே நின்றது. "ஏன்? அவ ஏதாவது சொன்னாளா?"

"இது நூலகம். உங்க வீடு இல்ல."

"சொல்லியிருக்கா. பெத்தவன்கிட்ட சொல்லாதது உங்ககிட்ட சொல்லியிருக்கா."

நூலகர் புத்தகத்தைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

"அது நமக்குக் காட்ட அவ ஒட்டி வெச்ச வெறும் படம்னு எனக்கு மொத நாளே தெரியும் சார்," என்றார் மற்றவர், குரல் இறங்கி. "அம்புக்குறி அசையல. இதுலயே பொழப்பு நடத்துறவன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப எதுக்குத் தொட்டி?"

"தொட்டியப் பாத்ததும் சிரிச்சிடுவா, 'அப்பா, அது டூப்பு'ன்னு தானா சொல்லிடுவான்னு நெனச்சேன்."

"நேரா கேட்டிருக்கலாமே?"

"கேட்டு, அவ சொல்லிட்டான்னா?"

அக்கா புத்தகங்களை அடுக்குவதை நிறுத்தினாள். சர்வீஸ்காரர் விசைப்பலகையை இழுத்து நின்றபடியே தட்டினார். அதிக நேரம் ஆகவில்லை. "எடுத்தாச்சு," என்றார். ஆனால் நகரவில்லை. வண்டிச் சாவியைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே இளையோர் அறைக் கதவைப் பார்த்தார்.

"எட்டாம் நம்பர் காலியாத்தான் இருக்கு," என்றார் நூலகர்.

சர்வீஸ்காரர் உள்ளே போனார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

நூலகரின் கண் பழக்கதோஷத்தில் ஏழாம் கட்டத்துக்குப் போனது. இலை இருந்தது. இருந்துகொண்டே இருந்தது. அப்புறம், இத்தனை நாளில் முதல் தடவையாக, அம்புக்குறி நகர்ந்தது.

இலை மறைந்து அடுத்த பக்கம் வருவதற்குள் அவர் திரையை அணைத்தார்.

"என்னாச்சு சார், என்ன பண்றாங்க?" என்றாள் அக்கா, கழுத்தை நீட்டி.

"தெரியல," என்றார் நூலகர்.