கீழ்மணப்பாக்கம் ஏரியில் வஞ்சிரம்

"அதான்டா, வஞ்சிரம்னு வந்திருக்கு," என்றாள் நிலோஃபர். "ஏரித் தண்ணியில."

ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்ப்பவள். வேலை செம ஜாலியானது. மீன் போகிற இடமெல்லாம் செதிலையும் வழவழப்பையும் உதிர்த்துக்கொண்டே போகும். ஒரு பாட்டில் தண்ணீர் போதும். அதிலுள்ள டிஎன்ஏவை வைத்து, ஏரியில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். வலையே வேண்டாம்.

வஞ்சிரம் கடல் மீன். அது ஏரிக்கு வந்தது என் மதியச் சாப்பாட்டிலிருந்து. வறுத்த துண்டு. கையைத் துடைத்துவிட்டுத்தான் பாட்டிலை முக்கினேன். பேன்ட்டில் துடைத்தேன்.

ஏரி அதிகாரி துரைக்கண்ணு அதற்குள் முடிவெடுத்துவிட்டார். வஞ்சிரம் இருந்தால் அது கடல். கரையில் கலங்கரை விளக்கம் நின்றது. பெயின்ட் இன்னும் காயவில்லை. ஏரியில் கொட்ட உப்பு லாரிகள் கிளம்பிவிட்டன.

அவர் அறைக்கு ஓடினேன். வராண்டா நீண்டுகொண்டே போனது. பாதி வழியில் கணுக்கால்வரை அலை அடித்தது. பெஞ்சில் ஒரு விரால் உட்கார்ந்திருந்தது.

"உப்பு கொட்டினா குடும்பத்தோட செத்துடுவோம் தம்பி. பசங்க வேற சின்னதுங்க."

"நான் பேசறேண்ணே."

"நீ சாப்ட்டதுக்கே நான் இங்க உக்காந்திருக்கேன். பேசினா என்ன ஆவுமோ."

அறைக்குள் துரைக்கண்ணு நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சார், அது என் சாப்பாடு சார். மறுபடி ஒரு பாட்டில் எடுக்கணும்."

"அதை ஏரியில இருக்கிறவங்கதான் கேக்கணும். நீ ஏரியிலயா இருக்க?"

நியாயம்தான். போய் ஏரியில் இறங்கினேன். கழுத்துவரை நின்றுகொண்டு கேட்டேன். உடனே அனுமதி கிடைத்தது.

நிலோஃபர் கையுறை போட்டு, பட்டினியாக வந்து, புதுத் தண்ணீர் எடுத்தாள். முடிவு வந்தது: விரால், கெண்டை, கெளுத்தி, நான். வஞ்சிரம் இல்லை. லாரிகள் கரையிலேயே திரும்பின. விரால் என் தோளில் தட்டிக்கொடுத்தது. எதால் என்று நான் கேட்கவில்லை.

கரையேறக் கை நீட்டினேன். நிலோஃபர் பிடித்தாள். காவலாளி விசில் ஊதினார்.

"யம்மா! அதைப் புடிக்கக் கூடாது!"

துரைக்கண்ணு வந்தார். "வேற எந்த ஏரியிலயும் இது இல்ல. இங்க மட்டும்தான் இருக்கு. அரிய இனம். பாதுகாப்பு போட்டாச்சு."

"சார், நான் வீட்டுக்குப் போகணும் சார்."

"கவலைப்படாத. ஒண்ணே ஒண்ணு இருந்தா இனம் அத்துப்போயிடும். இன்னொண்ணு கொண்டாந்து விடறோம்."

"என்னைப் பாக்காதீங்க சார்," என்றாள் நிலோஃபர். "எனக்கு நீச்சலே தெரியாது."

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். தண்ணீர் மோசமில்லை, மத்தியானத்தில் இளஞ்சூடாக இருக்கிறது. விரால் வீட்டில் சத்தம் கொஞ்சம் அதிகம், ஆனால் நல்ல மனசு. மாற்றுத்துணிகூட வேண்டாம். என்ன நினைக்கிறீர்கள், வருகிறீர்களா?