வைத்திலிங்கத்தின் நம்பர்

கலியமூர்த்தி ரிட்டயர் ஆக இன்னும் நான்கே நாள் இருந்தது. வேறு ஆளாக இருந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்வது, பென்ஷன் ஃபாரத்தில் எங்கெங்கே கையெழுத்துப் போடுவது என்று அலைந்துகொண்டிருப்பான். அவருக்கு இருந்ததோ ஒரே கவலை. ஆறு வருடமாகத் தினமும் காலை ஐந்து மணிக்குத் தான் அனுப்பிய பாட்டை செக்‌ஷனில் ஒருத்தராவது காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்களா, இல்லையா? அது தெரியாமல் வேலையை விட்டுப் போவதாக இல்லை அவர்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிக்கிற செக்‌ஷன் அது. அதற்கு ஒரு வாட்ஸப் குரூப். எந்த ஷிஃப்டுக்கு யார், எந்த பெல்ட் நிற்கிறது, பஸ் எத்தனை மணிக்கு, இவ்வளவுதான் அதில் வர வேண்டும். நடுவில் புகுந்துகொண்டவர் கலியமூர்த்தி. வெறும் பாட்டை ஃபார்வர்டு செய்வது தபால்காரன் வேலை என்பது அவர் கட்சி. ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு, செல்போனைப் பக்கத்தில் பிடித்து, முதலில் தானே நாலு வார்த்தை பேசி, வாய்ஸ் மெசேஜாக அனுப்புவார்.

"காலை வணக்கம். மூணு நாளா இதையேதான் கேட்டுக்கினு இருக்கேன். ரெண்டாவது நிமிஷத்துல கிளாரினெட் ஒரு எறக்கம் எறங்கும் பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு."

ரசனையும் ஓரிடத்தில் நிற்காது. ஒரு மாதம் முழுக்கக் கிளாரினெட். அடுத்த மாதம் பழைய சினிமாப் பாட்டுகளில் கோரஸ் பாடினவர்களின் குரல் மட்டும். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வடக்கத்தி இன்ஜினியர் ஒருவர் குடிவந்த பிறகு, அவர் வீட்டு ஜன்னல் வழியாகச் சாரங்கி வந்து இவரைப் பிடித்துக்கொண்டது. கடைசி இரண்டு மாதமாகச் சாரங்கிதான். இதற்கெல்லாம் பதிலுக்கு குரூப்பில் என்ன வரும் என்கிறீர்கள்? எப்போதாவது ஒரு கட்டைவிரல். அதுகூட பஸ் டைமுக்குப் போட்டதாக இருக்கும். குரூப்பின் அட்மின், ஃபோர்மேன் ஜெயராமன். "அண்ணே, உங்க பாட்டு வந்து ஷிஃப்டு லிஸ்ட்ட மேல தள்ளிடுதுண்ணே" என்று மட்டும் வருடத்துக்கு ஒரு முறை சொல்வார்.

மனைவி மலர்கொடியோ, "ஊருக்கே பாட்டு வக்கிறீங்க, கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டேங்கறீங்க" என்பாள். அதையும் அவர் முழுதாகக் கேட்டதில்லை.

பென்ஷன் ஃபாரம் கொடுக்கப் போன இடத்தில், ஆபீஸில் இருந்த கிருஷ்ணப்ரியாவிடம் இந்த மனக்குறையைக் கொட்டினார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். அவள் ஃபாரத்தைச் சரிபார்த்துக்கொண்டே, "யார் கேட்டாங்கன்னு போனே காட்டுமே சார்" என்றாள்.

"காட்டுமா?"

"மெசேஜ அழுத்திப் பிடிங்க. இன்ஃபோன்னு வரும். பாத்தவங்க பேர் தனியா, ஆடியோவ ஓட்டிக் கேட்டவங்க பேர் தனியா."

அடப்பாவி, ஆறு வருடமாக இது தெரியாமல் போச்சே என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். அங்கேயே நின்று அழுத்தினார். அன்று காலை அனுப்பியதைப் பார்த்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். கேட்டவர் ஒருவர். முந்தின நாளும் ஒருவர்தான். போன வாரம், போன மாதம், எதை அழுத்தினாலும் அந்த ஒரே பெயர்.

வைத்திலிங்கம்.

வைத்திலிங்கம் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

வைத்திலிங்கம் முத்தாண்டிக்குப்பத்துக்காரன். செக்‌ஷனில் பத்து வருடம் கான்ட்ராக்டில் வேலை பார்த்தான். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், அவ்வளவுதான். செக்‌ஷனே வேன் பிடித்துப் போய் மாலை போட்டுவிட்டு வந்தது. குரூப்பில் எல்லோரும் கைகூப்பின படம் போட்டார்கள். பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

"அழுத்தி எடுக்க மனசு வரலண்ணே" என்றார் ஜெயராமன், கேட்டபோது. "முப்பதாந்தேதி சாயந்திரம் உங்களுக்கு மாலை போட்டு வூட்ல கொண்டாந்து விட்டப்புறம் உங்க பேர எடுக்கணும் இல்ல? அப்பவே அதையும் சேத்து எடுத்துடறேன். குரூப்புல வேலைல இருக்கறவங்கதான் இருக்கணும், ரூல் அப்பிடி."

மறுநாள் கலியமூர்த்திக்கு வார லீவு. பைக்கை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பத்துக்குக் கிளம்பிவிட்டார். தன் பாட்டைக் கேட்கிற அந்த ஒரு ஜீவன் யாரென்று பார்க்காமல் விடுவதில்லை என்ற வேகம். துக்கம் விசாரிக்கப் போனவர் அப்புறம் எட்டு மாதமாக அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது. ஒரு கடையில் நிறுத்தி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டார்.

வைத்திலிங்கத்தின் மனைவி செவ்வந்தி வாசலில் தகரக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். வறுத்த கொட்டை ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். முந்திரி எண்ணெய் பட்டு அவள் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. பக்கத்தில் ஒரு டப்பா மேல் வைத்திலிங்கத்தின் செல்போன் சாய்த்து வைத்திருந்தது.

"வாங்கண்ணே" என்று எழுந்து முறத்தைத் தள்ளி நாற்காலி போட்டாள். அவர் பழத்தை நீட்டிவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "வைத்தி நம்பரு..." என்றார்.

அவள் முகம் மாறிவிட்டது. "நம்பர நிறுத்தச் சொல்லிட்டாங்களாண்ணே?"

"அதெல்லாம் இல்லம்மா. நான் போடற பாட்ட அந்த நம்பர்ல இருந்து யாரோ கேக்கறாங்க. அதான்..."

"நான்தாங்க. தப்புங்களா?"

"சேச்சே! தப்பு என்னம்மா தப்பு?"

"அவரு இருக்கசொல்ல காலங்காத்தால போட்டுவுட்டுட்டுத்தான் பல்லு வெளக்குவாரு. நான் அடுப்பாண்ட கேட்டுக்கினு இருப்பேன். அவரு போனப்புறம் ஒரு வாரம் தொடல. அப்பறம் ஒரு நாளு அஞ்சு மணிக்கு டிங்குனு வந்துச்சி. போட்டேன். அதுலேர்ந்து போட்டுக்கினுதாங்க இருக்கேன்."

கலியமூர்த்தி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "புடிச்சிருக்கா?"

அதைக் கேட்க அவருக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. செவ்வந்தி கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். "கோரசு பாடறவங்க பாட்டு நல்லாருந்துச்சிண்ணே. நாங்க நாலு பொம்பளைங்க உக்காந்து ஒடைக்கும்போது தெனம் அதத்தான் போடச் சொல்லுவாளுங்க. இப்ப போடறீங்களே சாரங்கி, அது ஆளயே உருக்குது. பதினஞ்சு நாளைக்கு முன்னாடி ஒண்ணு போட்டீங்க பாருங்க, முடியறாப்பல வந்து மறுபடியும் ஆரம்பிக்குமே, அதக் கேட்டுட்டு அன்னிக்கி வேலையே ஓடல. ஆனா கிளாரினெட்டு கொஞ்சம் ஜாஸ்திண்ணே. ஒரு மாசம் எவன் கேப்பான்?"

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திட்டினால்கூடத் தித்தித்தது. கிளாரினெட்டுக்காகக் கொஞ்சம் வாதாடினார். நாளைக்குப் போட வைத்திருப்பதைப் பற்றிக்கூட ஆரம்பித்துவிட்டார். அவள் கொட்டைகளைக் கட்டையால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"அவரு உங்களுக்கு அனுப்பனதெல்லாம் எப்பிடிண்ணே இருந்துச்சி?"

"எது?"

"உங்களுக்குன்னு தனியா அனுப்புவாரே. உங்க பாட்டக் கேட்டுட்டு அதுக்கு ஏத்தாப்பல இவரு ஒண்ணத் தேடுவாரு. திருவிழா எங்கன்னாலும் போயிடுவாரு, நெல்லிக்குப்பம் வரைக்கும் பஸ் ஏறிப் போயி போன்ல புடிச்சிக்கினு வந்தாரு ஒரு தபா. 'குரூப்புல போட்டா பர்மனென்ட் ஆளுங்க சிரிப்பாங்க, அண்ணனுக்கு மட்டும் போடறேன்'னுவாரு. நீங்க சூப்பர்னு சொன்னீங்கன்னா அன்னிக்கி வூட்டுல ஒரே குஷிதான்."

கலியமூர்த்திக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருந்தது. வைத்திலிங்கம் பேரில் பச்சை வட்டத்துக்குள் இரண்டு, மூன்று என்று சேர்ந்துகொண்டே போகும். பாட்டுகளை வாங்கி நிரப்பிய போனில் இடமே இருக்காது. அதனால் ஞாயிறுதோறும் உட்கார்ந்து, வந்ததையெல்லாம் மொத்தமாக அழிப்பார். குட்மார்னிங் ரோஜாப்பூ, பொங்கல் வாழ்த்து, துணிக்கடை விளம்பரம், அவற்றோடு வைத்திலிங்கமும். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. பெல்ட்டுக்கு அடியில் ரோலர் மாட்டும்போது அவன், "அண்ணே, கேட்டீங்களா?" என்பான். ஸ்பானரிலிருந்து கண்ணை எடுக்காமல், "சூப்பர்டா" என்பார் இவர்.

"நீங்க கேட்டா அவரு போன்ல மைக்கு படம் நீலமா வரும், வரலியேன்னு நான் கேப்பேன்" என்றாள் செவ்வந்தி. "அண்ணன் போனு பழசு, அதுல ஏதோ கோளாறுன்னுவாரு."

ரொம்ப நல்லாருந்துச்சிம்மா என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அவளும் சந்தோஷப்படுவாள், இவரும் கௌரவமாக பைக் ஏறலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தேவிட்டது. இத்தனை வருடம் எவனும் என் பாட்டைக் கேட்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நான், ஒருத்தன் ஆசையாக அனுப்பியதைக் குப்பையில் போட்டிருக்கிறேனே என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"போன்ல கோளாறு இல்லம்மா" என்றார். "நான் கேக்கல."

செவ்வந்தியின் கையில் கட்டை அப்படியே நின்றது. "ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"சூப்பர்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்."

அவள் கட்டையைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று அவர் பயந்தார். அவள் அழவில்லை, கோபம்தான் வந்தது. "எட்டு மாசமா இந்த வூட்டுப் பக்கம் யாரும் வரல. இப்ப எதுக்கு வந்தீங்க? உங்க பாட்ட எவன் கேட்டான்னு பாக்கவா?"

"ஆமாம்மா."

அதற்கு மேல் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. அவள் முந்திரி ஓட்டைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கலியமூர்த்தி எழுந்திருக்கலாமா என்று பார்த்தார். எழுந்தால் இனி இந்த வாசலை மிதிக்க முடியாது என்று பட்டது.

"அவன் போன்ல அதெல்லாம் இன்னும் இருக்குமில்ல?" என்றார். "எங்கிட்ட அழிஞ்சிபோச்சி. மறுபடி அனுப்பறியாம்மா? கேக்கறேன்."

"அழிஞ்சிபோச்சா, அழிச்சிட்டீங்களா?"

"அழிச்சிட்டேன்."

செவ்வந்தி புடவையில் கையைத் துடைத்தாள். விரலில் எண்ணெய் இருந்ததால் மடக்கிய விரல் முட்டியால் திரையைத் தள்ளித் தள்ளித் தேடினாள். ரொம்ப நேரம் தேடினாள். எந்த ஒன்று என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கலியமூர்த்தியின் சட்டைப் பையில் டிங் என்றது. திறந்து பார்த்தால் மேலே வைத்திலிங்கம் என்ற பெயர். அழுத்தினார்.

"அண்ணே, வைத்திலிங்கம் பேசறேன். கிளாரினெட்டுல ஒரு எறக்கம் சொன்னீங்க இல்ல, நாலு தபா கேட்டேன், அப்பறம்தான் புரிஞ்சிது. இது நெல்லிக்குப்பத்தாண்ட ஒரு கோயில்ல பம்பை. ரெண்டு பேரு அடிக்கறாங்க. ஒருத்தரு விட்ட எடத்துலேர்ந்து இன்னொருத்தரு எடுப்பாரு பாருங்க, உங்க கிளாரினெட்டு மாதிரியேதான் எறங்குது. கேட்டுட்டு எப்பிடி இருக்குன்னு சொல்லுங்கண்ணே. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

அப்புறம் பம்பை. ஜன சத்தம், யாரோ குழந்தையை அதட்டுகிற சத்தம், அதற்கு நடுவே இரண்டு பம்பைகள். கலியமூர்த்தி நாலரை நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்தால் ஏதாவது விட்டுப்போகும் என்று அப்படியே கேட்டார்.

"நல்லாருக்கும்மா" என்றார், முடிந்ததும். "நெஜமாவே நல்லாருக்கு."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள் செவ்வந்தி. "அவரு நம்பருக்குச் சொல்லுங்க."

அவர் போனை வாயருகே கொண்டுபோனார்.

"வைத்தி, கலியமூர்த்தி பேசறேன். இப்பதான்டா கேட்டேன். மொத தபா அந்த ரெண்டாவது ஆளு அவசரப்பட்டுட்டாரு, கொஞ்சம் முன்னாடியே எடுத்துட்டாரு. ரெண்டாவது தபா எடுத்தாரு பாரு, அதான்டா. கிளாரினெட்டு அதுக்குக் கிட்டயே வர முடியாது. லேட்டாத்தான் கேட்டேன். மன்னிச்சிக்கடா."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். செவ்வந்தியின் கையிலிருந்த போன் சத்தம் போட்டது. அவள் உடனே திறந்து, முழுவதும் கேட்டாள்.