எட்டுப் பெட்டி டைல்ஸும் ஒரு கேன் ரேஸ் பெட்ரோலும்

அக்கா வீடு மேட்டின் உச்சியில் இருந்தது. டைல்ஸ் ஒட்டுகிறவரின் பழைய காருக்கு அந்த மேடு என்றாலே மூச்சு வாங்கும். மூன்றாவது வளைவில் உறுமிக்கொண்டு நின்றுவிடும். அவர் பெண்டாட்டி இறங்கி மீதித் தூரத்தை நடப்பாள்; வண்டி பின்னாலேயே ஊர்ந்து வரும். பத்து வருஷமாக இதே கூத்துதான். "என்ன கொழுந்தியாளே, வண்டியை முந்திட்டே!" என்று மாடியிலிருந்து அவள் அக்கா புருஷன் கத்துவார். சிரித்துக்கொண்டே நடப்பாள். உள்ளுக்குள் மானம் போகும்.

இன்று அக்காவின் பேத்திக்குத் தொட்டில் கொண்டுபோக வேண்டும். "இன்னைக்கு நீ வழியில இறங்கினா என் மீசையை எடுத்துடறேன்" என்று சபதம் போட்டார் மனுஷன். போட்ட கையோடு பஸ் பிடித்து, ரேஸ் கார் மெக்கானிக்கான மச்சினனிடம் போனார். ஒரு கேன் பெட்ரோலோடு அவனையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "அத்தான், ரேஸ் என்ஜினுக்குள்ள அழுத்தம் அதிகம். அதைத் தாங்கத்தான் இந்தப் பெட்ரோல். உங்க வண்டிக்கு ஊத்தினாலும் ஒண்ணுதான், ஊத்தாட்டியும் ஒண்ணுதான்."

காதில் போட்டுக்கொண்டால்தானே! ஊற்றியாகிவிட்டது.

அவர் பெட்ரோலுக்குப் போயிருந்த நேரத்தில் அவள் தொட்டிலை வைக்க டிக்கியைத் திறந்திருந்தாள். எங்கே இடம்? வேலை முடிந்த வீடுகளில் மிஞ்சிய டைல்ஸ் எட்டுப் பெட்டி, 'எப்பவாவது உதவும்' என்று அவர் வருஷக்கணக்காகச் சேர்த்தது. இடுப்பு ஒடிய ஒவ்வொன்றாக இறக்கி மாடிப்படிக்குக் கீழே அடுக்கினாள். திட்டிக்கொண்டேதான்.

மூன்றாவது வளைவு வந்தபோது பழக்கதோஷத்தில் அவள் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. வண்டி நிற்கவே இல்லை! ஜம்மென்று ஏறியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? பாத்தியாடி, பெட்ரோலோட மகிமையை!"

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த முகத்துச் சந்தோஷத்தைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

மேலே அக்கா புருஷன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "சகலை, எனக்கும் ஒரு கேன் சொல்லுங்க!"

"பாக்கலாம், பாக்கலாம்" என்று பந்தா காட்டிக்கொண்டே இவர் டிக்கியைத் திறந்தார். உள்ளே தொட்டில் மட்டும்தான் இருந்தது.

"என் டைல்ஸ் எங்கடி?"

"மாடிப்படிக்குக் கீழே."

டிக்கியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அடப்பாவி... பத்து வருஷமா உன்னை இறக்கி நடக்க விட்டுட்டு, டைல்ஸை ஏத்திக்கிட்டு வந்திருக்கேனே!"

அக்கா புருஷன்தான் முதலில் வெடித்தார். அப்புறம் அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அத்தனை வருஷ வெட்கத்தையும் சேர்த்துச் சிரித்தாள்.

"சரி விடுங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மீசை தப்பிச்சுதுல்ல?"