ஏழு பேர்ச்சும் இரண்டு பொட்டலமும்

ஏழுமலைக்கு எதிலும் நிச்சயம் வேண்டும். லயத்து வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பலாங்கொடை பஸ்ஸில் ஏறினால் போர்டைப் பார்த்து, கண்டக்டரிடம் கேட்டு, பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனிடம்தான் தோட்டத்து ஆபிஸில் கேட்டுவிட்டார்கள்: வீடு கட்ட ஏழு பேர்ச் காணி, மேலே பாறை ஓரத்தில் வேண்டுமா, கீழே ரோட்டோரத்தில் வேண்டுமா? இன்று நாலு மணிக்குள் சொல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மனைவி விஜயகலாவுக்குக் கீழ்க்காணிதான் வேண்டும். தண்ணீர்ப் பைப் அங்கேதான் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் குடம் சுமந்த இடுப்பு அவளுடையது. ஏழுமலையோ இரண்டு மாதமாக இரண்டையும் நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

“மேல நல்ல காத்து. ஆனா மண்ணு சரிஞ்சா? கீழ தண்ணி இருக்கு. ஆனா லொறி தூசி?”

“தூசிய தொடைச்சுக்கலாங்க. சரிஞ்ச மண்ண தொடைக்க முடியுமா?”

“கோயில்ல அம்மாள்கிட்ட பூ கேட்டுருவோம் புள்ள. அப்பதான் நிச்சயம்.”

சிவப்பு அரளி வந்தால் கீழே, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் மேலே. பூ மடிக்கிற வேலை விஜயகலாவுடையது. இரண்டு வெற்றிலையிலும் அரளியையே வைத்து மடித்தாள். ‘தாயே, எப்படியும் நீ இதத்தான் சொல்லுவ. ஒனக்கு வேல மிச்சம்.’

கோயிலில் பூசாரி வேலுசாமி பொட்டலங்களைக் குலுக்கிப்போட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஏழுமலை பிரித்தார். அரளி.

“ஒரு தடவ கேட்டா போதுமா பூசாரி அண்ணே?”

பிரித்ததை மறுபடி மடித்துக் குலுக்கினார்கள். அரளி. மூன்றாவது தடவையும் அரளி.

“அம்மாளுக்கு வேற வேல இருக்கு ஏழுமலை,” என்றார் வேலுசாமி.

ஏழுமலை மெதுவாக மற்றப் பொட்டலத்தின் பக்கம் கையை நீட்டினார். விஜயகலா அதை வெடுக்கென்று எடுத்துக் கோயிலை ஒட்டி ஓடிய கானில் போட்டாள். மழைத் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது.

“மணி மூணே முக்கா. நடங்க.”

ஆபிஸில் கிளாக்கர் கீழ்க்காணிக்கு நேரே பேரை எழுதிவிட்டு, “ஹரித?” என்று, சரிதானா எனச் சிங்களத்தில் கேட்டார். ஏழுமலை வாழ்நாளில் முதல் தடவையாக யோசிக்காமல் “ஹரி” என்றார். கையெழுத்தும் ஒரே தடவையில் விழுந்தது.

திரும்பும் வழியில் அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“எனக்கும் கீழதான் புள்ள பிடிச்சிருந்திச்சு. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா பழிய சுமக்க ஒரு ஆள் வேணாமா?”

“அதான் அம்மாள் இருக்காளே.”

“அம்மாளா? நம்ம வேலியில காலையில பூத்திருந்தது ஒரே ஒரு நந்தியாவட்ட. கோயிலுக்குப் பொறப்படும்போதும் அது செடியிலதான் இருந்திச்சு.”

விஜயகலா நின்றுவிட்டாள். “தெரிஞ்சுக்கிட்டே ஏங்க மூணு தடவ கேட்டீங்க?”

“வேற எங்கயாச்சும் ஒண்ணு பறிச்சிருப்பியோன்னு ஒரு சந்தேகம். நிச்சயம் பண்ணிக்க வேணாமா?”