இரண்டு கடிகார மாமனார்

நௌரிஸ் புத்தாண்டு விழா மேடையில் எங்கள் ராக் குழு பாடியது நாலே நிமிடம். ஐந்தாவது நிமிடம் மின்சாரம் போனது. மேடைக்கு மட்டும்.

பாட்டு ஒரு புது மருமகளின் புலம்பல். எங்கள் கஜக் வீடுகளில் மருமகள் புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிட வேண்டும். அதனால் பாட்டில் ஒரு பெயர்கூடக் கிடையாது. இரண்டு கையிலும் கடிகாரம் கட்டிக்கொண்டு எதற்கும் நேரத்துக்கு வராத மாமனார். கூட்டத்தில் தூங்கி, ஓட்டுக்குக் கை தூக்க மட்டும் விழிக்கும் கொட்டாவி மாமனார். தண்ணீர் வராத குழாய்க்கு மூன்று தடவை ரிப்பன் வெட்டிய சின்ன மாமனார். ஊரே சிரித்தது. யார் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கல்லூரி அலுவலகத்திலிருந்து அழைப்பு. "வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

அதைக் கேட்டதும் எங்கள் டிரம்ஸ்காரன் எர்டோஸ், அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஷிம்கென்ட் நகரத்துக்கு பஸ் ஏறிவிட்டான். அத்தை இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மிஞ்சியது அவன் மனைவியும் எங்கள் பாடகியுமான ஆக்மர்ஜானும், பேஸ் கிட்டார் வாசிக்கும் நானும்.

"எங்க வீட்டுக்காரர் வீரமெல்லாம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான்," என்றாள் படியேறும்போது. சிரிப்பு வரவில்லை.

எனக்குக் கவலை ஒன்றுதான். கல்லூரியிலிருந்து நீக்கினால் அந்த வாரமே ராணுவத்துக்குப் பிடித்துக்கொள்வார்கள். போன வசந்தத்தில் அப்படிப் போன ஒருவன் எல்லையிலிருந்து படம் அனுப்பினான். படத்தில் பனி மட்டும் தெரிந்தது. அதற்குள் தானும் நிற்பதாக எழுதியிருந்தான்.

அறையில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் இருந்தார். பெயர் சொல்லவில்லை. கைப்பேசியை மேசை நடுவில் வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டார். பால் தேநீரைக் கிண்ணத்தில் கால்வாசி ஊற்றிக் கொடுத்தார். எங்கள் பக்கம் அப்படி ஊற்றினால் விருந்தாளி நெடுநேரம் இருக்க வேண்டும் என்று அர்த்தம். மரியாதைதான். நான் கிண்ணத்தைத் தொடவில்லை.

"யாரும்மா அந்த ரெண்டு கடிகார மாமனார்?"

"பேர் சொல்லக் கூடாதே அகாய். நான் மருமகளாச்சே." அகாய் என்றால் ஐயா.

"இது பாட்டும்மா."

"பாட்டுலயும் மருமகதானே அகாய்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ யாருக்கும் மருமக இல்லையே, தம்பி?"

"இல்லைங்க அகாய்."

"அப்ப நீ எழுது. பட்டப்பேர் இந்தப் பக்கம், ஆள் பேர் அந்தப் பக்கம்."

வியர்வையில் பேனா வழுக்கியது. "எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதா? எவன்டா நம்புவான்? ரெண்டு கடிகாரம் நம்ம நகரத் தலைவர் ஓரின்பெக். கொட்டாவி நம்ம எம்.பி. சர்செங்காலி. இது ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

ஆக்மர்ஜான் மெதுவாகச் சொன்னாள். "நாங்க சொல்லலைங்க அகாய். நீங்கதான் சொன்னீங்க."

அவர் கைப்பேசியைப் பார்த்தார். அதில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அழிச்சிடலாமே," என்றேன், உதவும் எண்ணத்தில்.

"நேரா மேலிடத்துக்குப் போகுது." உதடு மட்டும் அசைந்தது. அவர் முகம் கோட்டின் நிறத்துக்கு வந்துவிட்டது.

அதுவரை எனக்கு இருந்த பயம் அப்போது இரட்டிப்பானது. பயப்படாத நாய் குரைப்பதோடு விட்டுவிடும்.

அவர் கைப்பேசிமேல் குனிந்து உரக்கப் பேசினார். "அப்படின்னு சில விஷமிங்க வதந்தி பரப்புறாங்க! உண்மையில இது குடும்பப் பாட்டு. அப்படித்தானே?"

"குடும்பப் பாட்டு அகாய்," என்றோம் இருவரும். மேடையில்கூட எங்கள் குரல்கள் இவ்வளவு சேர்ந்து ஒலித்ததில்லை.

"அப்ப எந்தக் குடும்பம்? பேர், வயசு, முகவரி எழுது. சாயங்காலம் ஆள் போய் விசாரிப்பாங்க. எழுதலைன்னா ரெண்டு பேருக்கும் இன்னைக்கே டி.சி."

ஆக்மர்ஜானின் மாமனார் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர். அவர் பெயர் அந்தத் தாளில் ஏறினால் நாளை அவருக்குப் பள்ளி இல்லை. அவள் சொல்ல மாட்டாள், நான் சொல்லலாம். பத்து வயதிலிருந்து அவர் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அவர் பெயர் பேனா முனையில் வந்து நின்றது. முதல் எழுத்தைப் போட்டும் விட்டேன். மேசைக்கடியில் அவள் என் காலை மிதித்தாள்.

அந்த எழுத்தை அடித்தேன்.

"பாட்டை எழுதினது நான்தான் அகாய். எங்க அண்ணி படுற பாட்டை நினைச்சு எழுதினேன்." அதில் ஒரு வரிகூட என்னுடையதில்லை. "மாமனாருங்க எல்லாம் எங்க வீட்டு ஆளுங்கதான்."

எழுதிக் கொடுத்தேன். அவர் விரல் வைத்துப் படித்தார்.

"ரிப்பன்?"

"சித்தப்பா. துணிக்கடை வச்சிருக்கார்."

"கொட்டாவி?"

"பெரியப்பா. ராத்திரிக் காவல் வேலை."

"ரெண்டு கடிகாரம்?"

"அப்பா. ரயில்வேல இருந்தார். அந்தக் காலத்துல ரயிலெல்லாம் மாஸ்கோ நேரத்துக்கு ஓடும். ஒரு கையில அது, இன்னொரு கையில நம்ம ஊர் நேரம். பழக்கம் விடல."

"ஆறு மணிக்கு வருவாங்க," என்றார், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே.

வெளியே வந்ததும் ஆக்மர்ஜான் என் சட்டையைப் பிடித்தாள். "உனக்குப் பைத்தியமா?" அப்பாவிடம் இழக்க வேலை இல்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். பென்ஷன் ஒன்று இருப்பது வாசலில்தான் நினைவுக்கு வந்தது. அதோடு, அவர் கையில் ஒரு கடிகாரம்கூடக் கிடையாது என்பதும்.

மணி நாலரை. அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மறுமுனையில் டி.வி. சத்தம் நின்றது. என்ன பாட்டு, எதற்குப் பாடினாய், யார் வருகிறார்கள் என்று எதுவும் அவர் கேட்கவில்லை.

"மாஸ்கோ எந்தக் கையிலடா?" என்றார்.