நேர்கோட்டில் நின்ற புள்ளிகள்

மேலாளர் அந்தக் கடுதாசியைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். முட்டையைத் தூக்கி வருவதுபோல இரண்டு விரலில் பிடித்து வந்து, அவள் மேசையின் ஓரத்தில் வைத்தார். பிறகு சுவரோரம் கிடந்த முக்காலியை இழுத்து, அவளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார்.

"வேலையா இருக்கீங்களா?"

"இல்ல சார். சொல்லுங்க."

அவளுக்கு அந்தக் கடுதாசியைப் படித்துப் பார்க்கத் தேவையே இல்லை. எத்தனை வரி, எந்த வரியில் எந்தச் சொல் என்பதெல்லாம் மனப்பாடம். எழுதியவளே அவள்தான்.

அது தண்ணீரைச் சோதித்துச் சான்று தரும் கூடம். ஊரின் குழாய்கள், தொட்டிகள், பள்ளிக்கூடங்கள் என்று எல்லா இடத்துத் தண்ணீரும் பாட்டில் பாட்டிலாக வந்து இறங்கும். இறக்குவது அவள் வீட்டுக்காரர். கூடத்தின் வேன் ஓட்டுநர் அவர். சோதிப்பது வேதியியல்காரர். கருவி கக்கும் எண்களை அறிக்கையாக்குவது அவள். மற்றவர்கள் கணினி எலியைப் பிடித்து உருட்டி, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, அது பக்கத்தைத் தாண்டி ஓடினால் கணினியைத் திட்டுவார்கள். அவளுக்கு அந்த வம்பே கிடையாது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை. தட்டிவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதற்குள் முந்நூறு அறிக்கைகள் அச்சுக்குத் தயாராக நிற்கும். அலுவலகத்தில் அவளுக்குக் 'கறுப்புத்திரை' என்றே பெயர். ஏதோ மாந்திரீகம் செய்கிறாள் என்று நினைத்து அந்த அறைப் பக்கமே பலர் வருவதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வம்தான் வம்பில் மாட்டிவிட்டது. கருவியிலிருந்து வரும் எண்கள் மேலாளர் மேசைக்குப் போய், 'சரிபார்த்து' அவளிடம் வரும். சரிபார்ப்பதில் அப்படி என்னதான் பார்க்கிறார் என்று ஒருநாள் விளையாட்டாகக் கருவியின் கோப்பு, அவர் அனுப்பிய கோப்பு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். அதற்கும் ஒரு கட்டளை உண்டு. எந்த வரி மாறியதோ அதை மட்டும் காட்டும். பதினொரு வரிகள் காட்டியது. பதினொன்றும் ஈயத்தின் அளவு. பதினொன்றிலும் ஒரே திருத்தம்: நடுவில் ஒரு புள்ளி. பத்துக்கு மேல் போகக் கூடாத இடத்தில் கருவி நாற்பத்து மூன்று என்று சொன்னது, அறிக்கையில் நாலு புள்ளி மூன்று ஆகியிருந்தது. அந்தப் பதினொரு இடங்களுக்கும் குழாய் பதித்த ஒப்பந்தக்காரர் ஒருவரே. அந்த நாற்பத்து மூன்று அவள் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக் குழாய்.

மகளுக்கு வீட்டிலிருந்து தண்ணீர் கொடுத்தனுப்பினாள். மற்ற நானூறு பிள்ளைகளுக்கு யார் கொடுத்தனுப்புவார்கள்? இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவும் பயம். அவர் கேட்ட மாத்திரத்தில் மேலாளர் சட்டையைப் பிடித்துவிடுவார். ஒரே கூரையின் கீழ் இரண்டு சம்பளமும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. கடைசியில் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதித் தபாலில் போட்டாள். புகார் யார்மேல் வந்ததோ அவரிடமே அதை அனுப்பி 'விளக்கம் தரவும்' என்று கேட்கிற புத்திசாலிகள் உலகத்தில் உண்டு என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

அந்தப் புத்திசாலிகள் அனுப்பியதுதான் இப்போது மேசை ஓரத்தில் கிடந்தது.

"யாரோ நம்ம மேல மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க" என்றார் மேலாளர். குரலில் கோபமே இல்லை. "உள்ள இருக்கிற எண்ணெல்லாம் கருவி எண். அது யார் கையில இருக்கும்? வேதியியல்காரர் கையில. வேற யாரு?"

அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அப்படியே பாதியில் நின்றது.

"அவரை வேலையை விட்டு நிறுத்தி வைக்கப் போறேன். ஒரு மெமோ அடிக்கணும். நான் சொல்லச் சொல்ல அடிங்க. விஷயம் வெளிய போகக் கூடாது, அதான் நானே வந்தேன்."

வேதியியல்காரரை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். மனிதர் வாயைத் திறந்தால் கிண்டல். ஆனால் இருபது வருடமாக ஒரு துளி கூடவோ குறையவோ ஊற்றாத கை. 'அவர் இல்ல சார்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டால்? "சரி சார்" என்று யாரோ சொன்னார்கள். அவள்தான்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். 'அலுவலக இரகசியத்தை வெளியாருக்குத் தெரிவித்த குற்றத்துக்காக' என்ற இடத்தில் விரல் இரண்டு முறை தடுக்கியது. சேமித்தாள். கோப்புக்கு மெமோ என்று பெயர் வைத்தாள். இனி அச்சுக்கான கட்டளை.

இங்கேதான் பழக்க தோஷம் குறுக்கே வந்தது. அவள் எந்தக் கட்டளையையும் முழுதாக அடிக்கிறவள் இல்லை. முதல் சில எழுத்துகளை அடித்துவிட்டு மேல் அம்பு விசையைத் தட்டினால், அந்த எழுத்துகளில் தொடங்கிய பழைய கட்டளையைக் கணினியே கொண்டுவந்து நிறுத்தும். கணினிக்கு மறதி கிடையாது. 'அச்சு' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, மெமோ என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் 'எம்' என்ற முதல் எழுத்தை மட்டும் தட்டி, மேல் அம்பை அழுத்தினாள்.

திரையில் 'அச்சு மொட்டை' என்று வந்து நின்றது.

மூன்று வாரத்துக்கு முன் அந்த மொட்டைக் கடுதாசிக் கோப்புக்கு அவளே வைத்த பெயர். கோப்பை அன்றைக்கே அழித்துவிட்டாள். அழித்த கையோடு, தட்டிய கட்டளையைக் கணினி ஞாபகம் வைத்திருக்கும் என்பதை மறந்தாள். பெயர் வைக்க உலகத்தில் வேறு சொல்லா கிடைக்கவில்லை? கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், பெயர்ப்பலகை மாதிரி எரிந்தது அது. அவளுக்குக் கை ஓடவில்லை. அழிக்கும் விசை எங்கே இருக்கிறது என்றுகூட ஒரு கணம் தெரியவில்லை. பிறகு மொத்த வரியையும் அழித்தாள்.

பின்னால் முக்காலி கிறீச்சிட்டது. அவர் கிட்ட வந்தாரா, சும்மா அசைந்தாரா?

திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. ஒவ்வோர் எழுத்தாக, புதிதாகக் கற்றுக்கொண்டவள்போல அடித்தாள். அச்சுப்பொறி முனகியது. மெமோ வெளியே வந்தது.

"கொண்டாங்க" என்றார்.

அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பார்க்கவில்லை போலிருக்கிறது. பார்த்திருந்தாலும் அவருக்கு அந்தத் திரையில் என்ன புரியும்? நிம்மதி வந்தது, அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அண்ணனின் வேலை போகிற நேரத்தில் தான் தப்பித்ததை எண்ணிச் சந்தோஷப்படுகிறோமே, நாமெல்லாம் ஒரு மனுஷியா என்று தோன்றியது.

மேலாளர் மெமோவில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். எழுந்திருக்கவில்லை. கண்ணாடி உறையிலிருந்து கடுதாசியை உருவி அவள் முன் விரித்தார்.

"இந்த அட்டவணையைப் பாருங்க."

பார்த்தாள். எழுத்துருவை மாற்றியிருந்தாள், ஓர இடைவெளியை மாற்றியிருந்தாள், தன் நடை தெரியக் கூடாதென்று வாக்கியங்களைக்கூட முறித்துப் போட்டு எழுதியிருந்தாள். அட்டவணையை மட்டும் மறந்திருந்தாள். மறந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அது அவள் கை அறியாமலே அப்படித்தான் வரும். கட்டங்கள் இல்லை. மேலே ஒன்று, தலைப்புக்குக் கீழே ஒன்று, அடியில் ஒன்று, மூன்றே கோடுகள். இடது பத்தியில் கருவி சொன்ன எண்கள், வலது பத்தியில் அறிக்கையில் போன பதினொரு எண்கள். நாலு புள்ளி மூன்று, ஒன்று புள்ளி ஒன்று எட்டு, இரண்டு புள்ளி ஏழு என்று சிறிதும் பெரிதுமாக இருந்தும், புள்ளிகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, நூல் பிடித்ததுபோல நின்றன.

"இந்த ஆபீஸ்ல மத்தவங்க போடற அட்டவணையில எண்ணெல்லாம் குடிச்சவன் மாதிரி நிக்கும்" என்றார் அவர். "இதைப் பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. புள்ளி வைக்கிறது நான். வரிசையா நிறுத்தறது நீங்க."

அவளுக்குக் காதில் ஏதோ இரைந்தது.

"பயப்படாதீங்க. உங்களை நான் அனுப்பப் போறதில்ல. உங்க வேலை எனக்குப் பிடிக்கும். அவர்தான் போவாரு. சுகாதார ஆபீஸுக்கு ஒரு ஆளைக் காட்டணும்ல?" கடுதாசியை மறுபடி உறைக்குள் போட்டார். "என்ன, அடுத்த மாசத்துல இருந்து அந்த எண்ணை நான் திருத்த வேண்டாம். நீங்களே திருத்திடுங்க. ஒரு கட்டளையில முடிஞ்சிடும் இல்லையா, உங்களுக்கு?"

அவள் தலை ஆடியது. ஆமாம் என்று ஆடியதா, நடுக்கத்தில் ஆடியதா என்று அவளுக்கே தெரியாது. அவர் ஆமாம் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

"மெமோவை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க. உங்க கையால போனா அவருக்கும் கஷ்டமா இருக்காது."

அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

அங்கிருந்து சோதனைக் கூடத்துக்கு இருபது அடி. அந்த இருபது அடியையும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் அப்படியே இருக்கும்: வேலை இருக்கும், வீட்டுக்காரரின் வேன் இருக்கும், மகளின் பையில் வீட்டுத் தண்ணீர் இருக்கும். மாதம் ஒருமுறை புள்ளி வைத்தால் போதும். திறந்தால் இரண்டு சம்பளமும் போகும். மேலாளர் அத்தோடும் விடமாட்டார். பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை.

கூடத்தில் ஆறேழு பேர் இருந்தார்கள். வேதியியல்காரர் சோதனைக் குழாயில் ஏதோ ஊற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் அப்போதுதான் மாதிரிப் பாட்டில்களின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்திருந்தார். அவர் இந்நேரம் வெளியே போயிருப்பார் என்று அவள் நம்பியிருந்தாள்.

அண்ணன் தாளை வாங்கிப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"என்ன தங்கச்சி இது?" கிண்டல் செய்யப் பார்த்தார், குரல் ஒத்துழைக்கவில்லை. "நான் கடுதாசி எழுதினேனாமே. என் பொண்டாட்டிக்கே நான் ஒரு கடுதாசி எழுதினதில்லம்மா."

"நீங்க எழுதல, அண்ணே."

"எனக்குத் தெரியாதா நான் எழுதலன்னு? எழுதினது யாருன்னுதான் தெரியல."

"நான்."

அது அவர் காதில் விழவில்லை. அவளுக்கே விழவில்லை. கூடம் முழுவதும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள்.

"நான்தான் எழுதினேன், தண்ணில ஈய அளவை மாத்தறாங்கன்னு. சாருக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான் உங்களை அனுப்பறாரு."

எல்லாக் கையும் நின்றது. அவள் யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்காரரை மட்டும் பார்த்தாள். அவர் பெட்டியை இறக்காமல் நின்றார். கோபப்படுவார், இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்பார் என்று காத்திருந்தாள்.

"எந்தத் தண்ணி?" என்றார் அவர்.

"பாப்பா ஸ்கூல் தண்ணியும் அதுல இருக்குங்க."

"அது நான்தானே பிடிச்சுட்டு வந்தேன்." அவர் குரல் இறங்கியது. "நாலு புள்ளி மூணுன்னு வந்துச்சே. நல்ல தண்ணின்னு அந்த ஹெட்மாஸ்டர்கிட்ட நானே சொல்லிட்டு வந்தேனே."

மேலாளர் அறைக் கதவு திறக்கும் சத்தம் பின்னால் கேட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. இந்த முறை குரல் மட்டும் நடுங்கவில்லை.

"இல்லங்க. நாப்பத்தி மூணு."